கப்பல் வரலடி

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த சித்தி மகள் என் மேசைமேல் கிடந்த தாள்களைப் புரட்டினாள். எல்லாம் இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஜப்பானிய வணிகக் கப்பல்களின் பெயர், டன், தேதி. "ஏங்க்கா, சண்டையில ஜப்பான்காரன் கப்பல் முழுகினதுல உனக்கென்ன கவலை? முழுகினது நல்லதுக்குத்தானே?" என்றாள். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. முறுக்குத் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் பேச்சை மாற்றினேன். இந்தப் பதிவு அவளுக்காக.

நான் வேலை பார்த்தது சிங்கப்பூர் ஆன்சன் ரோட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில், ஆவணப் பிரிவில். கப்பலைக் கண்ணால் பார்த்ததைவிடக் காகிதத்தில் பார்த்ததுதான் அதிகம். மேனிஃபெஸ்ட், பில் ஆஃப் லேடிங், மாலுமிகள் பட்டியல் என்று ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைவதற்கு முன்பே தாள்களாக எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் சரக்கு கையில் கிடைக்காது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இதை யார் எழுதியது, எதற்காக எழுதியது, எதை விட்டுவிட்டு எழுதியது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு காரணம் அப்பாயி. தாத்தா ஹார்பர் போர்டில் மூட்டை தூக்கியவர். தஞ்சோங் பகார் பக்கம் குடியிருப்பு. சப்பான்காரன் காலத்தில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்றதால், அதன்பிறகு சாகும்வரை அப்பாயி அந்தக் கிழங்கை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. நாங்கள் தேக்காச் சந்தையிலிருந்து வாங்கி வந்தால்கூட வெளியே வைத்துத் தின்னச் சொல்வார். ஏன் அப்பாயி அப்போது சோறு இல்லை என்று கேட்டால் ஒரே பதில்தான்: "கப்பல் வரலடி." அதற்குமேல் விளக்கம் கிடையாது. குழந்தையிடம் சொல்கிற சாக்கு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். கப்பல் பட்டியல்களுக்குள் இறங்கிய பிறகுதான் தெரிகிறது, ஒரு பெரிய போர்ப் பொருளாதாரத்தை அந்தக் கிழவி இரண்டு சொல்லில் முடித்திருக்கிறார்.

போருக்கு முன்னால் மலாயாவும் சிங்கப்பூரும் தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கடல்வழியே வந்தது. ஜப்பானியர் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடித்தபோது பர்மாவும் சில மாதங்களில் அவர்கள் கைக்குப் போயிற்று. சயாம் அவர்களுடைய கூட்டாளி. ஆக, அரிசி விளைகிற நிலமெல்லாம் அவர்களிடம்தான் இருந்தது. இருந்தும் 1944 தொடக்கத்தில் சிங்கப்பூரில் வளர்ந்த ஆணுக்கு மாதப் பங்கீட்டு அரிசி 8 கட்டி, பெண்ணுக்கு 6, பிள்ளைக்கு 4 என்று இறங்கிவிட்டது. ஒரு கட்டி 600 கிராம் சொச்சம். ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டைக் கூடையில் கொண்டுபோனாலும் கள்ளச் சந்தையில் அரிசி சிக்காது என்பார்கள். சீனர்களை மலாயாவில் எண்டாவுக்கும் யுரேஷியர்களையும் கத்தோலிக்கர்களையும் பஹாவுக்கும் காடு திருத்திப் பயிர் செய்ய அனுப்பியது இந்தப் பஞ்சத்தில்தான். விளைந்த அரிசி பர்மாவில் இருக்கிறது, தின்கிற வாய் இங்கே இருக்கிறது. நடுவில் இருந்த கப்பல்கள் எங்கே போயின?

இதற்கு அமெரிக்கர்கள் இரண்டு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். முதலாவது, போர் முடிந்ததும் குண்டுவீச்சின் விளைவை அளக்க அமைத்த ஆய்வுக் குழு 1946-இல் வெளியிட்ட அறிக்கை. 500 டன்னுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களாக ஜப்பானிடம் போர்த் தொடக்கத்தில் இருந்தது சுமார் 60 லட்சம் டன். போரின்போது கட்டியதும் பிடித்ததும் பறித்ததுமாக இன்னொரு 41 லட்சம் டன் சேர்ந்தது. இதில் மூழ்கியதும் இனி உதவாது என்கிற அளவுக்கு அடிபட்டதும் 89 லட்சம் டன் என்கிறது அந்த அறிக்கை. அதில் 54.7 விழுக்காடு நீர்மூழ்கிகளின் கைவரிசை. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் 16.3, கடலில் போட்ட கண்ணிவெடிகள் 9.3. இரண்டாவது, தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து அமைத்த கூட்டு மதிப்பீட்டுக் குழுவின் பட்டியல், 1947 பிப்ரவரியில் வந்தது. ஆய்வாளர்கள் அதைச் சுருக்கமாக 'ஜானாக்' என்பார்கள். அமெரிக்கப் படைகள் மூழ்கடித்த வணிகக் கப்பல்கள் 2,117, மொத்தம் 79,13,858 டன். அதில் நீர்மூழ்கிகளின் பங்கு 1,113 கப்பல்கள் என்று முடிக்கிறது.

ஒரே அரசாங்கம், அடுத்தடுத்த வருடம், பத்து லட்சம் டன் வித்தியாசம். இதைப் பார்த்ததும் ஏதோ பித்தலாட்டம் என்று எண்ண வேண்டாம். ஒன்றில் அடிபட்டுக் கிடந்த கப்பலும் புயலில் போன கப்பலும் சேர்த்தி. மற்றதில் அமெரிக்கன் கையால் மூழ்கியது மட்டும். எங்கள் அலுவலகத்தில் இதைவிடப் பெரிய வித்தியாசங்களுக்கெல்லாம் நியாயமான காரணம் இருந்ததுண்டு.

ஜானாக் பட்டியல் வெளிவந்தபோது நீர்மூழ்கித் தளபதிகள் பலருக்கு வயிற்றெரிச்சல். போர்க்காலத்தில் அவர்கள் எழுதிக்கொடுத்த எண்ணிக்கையைக் குழு நன்றாகவே வெட்டியிருந்தது. நடு இரவு, பெரிஸ்கோப் கண்ணாடி, வெடிச் சத்தம் கேட்டதும் ஆழத்துக்குப் போய்விட வேண்டும். எழுந்து பார்க்கும்போது கப்பல் இல்லை. மூழ்கியதா, தப்பியதா? 'மூழ்கியது' என்றுதான் எழுதத் தோன்றும். நம்மூர்க் கதை ஒன்றும் உண்டு. 1943 செப்டம்பர் 26 இரவு, ஆஸ்திரேலியாவிலிருந்து கிரெய்ட் என்ற மீன்பிடிப் படகில் வந்த குழு ஒன்று, மடக்குப் படகுகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் புகுந்து கப்பல் அடிவயிற்றில் வெடிகளை ஒட்டிவிட்டுப் போயிற்று. கிரெய்ட் என்பதே பிரிட்டிஷார் கைப்பற்றிய ஜப்பானியப் படகுதான். பழைய பெயர் கொஃபுகு மாரு. ஏழு கப்பல்கள், நாற்பதாயிரம் டன்னை ஒட்டிய சேதம் என்று அப்போது எழுதினார்கள். ஜப்பானியப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது அது சுருங்கியது. சில கப்பல்கள் பழுது பார்க்கப்பட்டு மறுபடி ஓடியிருக்கின்றன. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் ஊரில் இருந்தவர்கள். உள்ளிருந்து யாரோ துப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் அக்டோபர் 10-ஆம் தேதி சாங்கிச் சிறைக்குள் புகுந்து 57 பேரை இழுத்துப்போய்ச் சித்திரவதை செய்தது. 15 பேர் செத்தார்கள். டன் கணக்கு சுருங்கலாம், இந்த 15 சுருங்கவில்லை.

சரி, ஒரு கப்பலை எப்படி உறுதி செய்வது? இந்த இடத்தில் கொஞ்சம் அலுவலக வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குக் கப்பலுக்கு ஐஎம்ஓ எண் என்று ஒன்று உண்டு. கொடி மாறினாலும் பெயர் மாறினாலும் எண் மாறாது. அந்தக் காலத்தில் அது இல்லை. பெயரை மட்டும் நம்பினால் அவ்வளவுதான். தையோ மாரு என்ற பெயரில் மட்டும் பல கப்பல்கள் உண்டு. ஜப்பானிய எழுத்தில் வேறு வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றே. போதாததற்கு ரோமன் எழுத்தில் எழுதும் முறையும் இரண்டு. நம் ஊருக்கு அவர்கள் வைத்த பெயரையே சிலர் 'சியோனான்' என்றும் சிலர் 'ஷோனான்' என்றும் எழுதினார்கள் அல்லவா, அதே குழப்பம்தான் கப்பல் பெயரிலும். அதனால் பெயரோடு மொத்த டன், கட்டிய வருடம், கட்டிய தளம், இந்த மூன்றும் பொருந்தினால்தான் என் பட்டியலில் ஒரு வரி ஏறும். அடுத்து நேரம். ஆக்கிரமிப்பில் சிங்கப்பூர்க் கடிகாரங்களை ஒன்றரை மணி முன்னே தள்ளி டோக்கியோ நேரத்துக்கு வைத்தார்கள். அமெரிக்க நீர்மூழ்கியின் கடிகாரம் வேறு மண்டலத்தில் இருக்கலாம். நள்ளிரவை ஒட்டி மூழ்கிய கப்பலுக்கு இரண்டு தரப்புப் பதிவிலும் இரண்டு தேதி இருப்பது சாதாரணம். அதை இரண்டு கப்பலாக எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது, கப்பல் யாருடையது என்பது. ஜப்பான் தன் வணிகக் கப்பல்களை மூன்றாகப் பிரித்துவைத்திருந்தது: தரைப்படைக்கு ஒரு பங்கு, கடற்படைக்கு ஒரு பங்கு, மிச்சம் மக்களின் சரக்குக்கு. நல்ல கப்பல்களைப் படைகள் எடுத்துக்கொண்டன. தரைப்படைக் கப்பல் ஓரிடத்தில் துருப்புகளை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும். வழியில் வேறொரு துறைமுகத்தில் சரக்கு குவிந்து கிடந்தாலும் அது இன்னொருவன் சரக்கு என்று ஏற்றாது. கப்பல் தட்டுப்பாட்டில் தவித்த நாடு இப்படி நடந்துகொண்டதைப் படிக்கும்போது, ஆவணப் பிரிவுக்காரியான எனக்குக் கை பரபரக்கிறது. வணிகக் கப்பல்களைக் காக்கவென்று தனிப் பாதுகாப்புத் தலைமையகம் அமைத்ததே 1943 நவம்பரில்தான். அதற்குள் போர் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடம்.

இதில் என்னை அசைத்துப்போட்ட விஷயம் மத்தியான அறிக்கை. இன்றும் ஒவ்வொரு கப்பலும் நண்பகலில் தான் இருக்கும் இடத்தைக் கம்பெனிக்குத் தெரிவிக்கும். 'நூன் ரிப்போர்ட்' என்போம். காலையில் வேலைக்கு வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். போர்க்காலத்தில் ஜப்பானியக் கப்பல்களும் நாளைக்கு எந்த நேரத்தில் எங்கே இருப்போம் என்பதைச் சங்கேதத்தில் ஒழுங்காக வானொலியில் சொல்லிக்கொண்டே போயின. அந்தச் சங்கேதங்களை அமெரிக்கர்கள் உடைத்துவிட்டார்கள். தரைப்படைக் கப்பல்களின் சங்கேதத்தை 1943-இல் உடைத்ததில் டெல்லியிலிருந்த பிரிட்டிஷ் ஒற்றுக்கேட்பு மையத்துக்கும் பங்குண்டு. ஒழுங்காக அறிக்கை அனுப்பிய மாலுமிதான் தன் கப்பலைக் காட்டிக்கொடுத்தான் என்றாகிறது. கடமை தவறிய சோம்பேறி ஒருவன் தப்பியிருப்பானோ என்று யோசிப்பதுண்டு.

1943 ஜூலையிலிருந்து சிங்கப்பூருக்கும் ஜப்பானின் மோஜி துறைமுகத்துக்கும் இடையே 'ஹி' என்ற வரிசைக் கப்பல் தொடர்கள் ஓடின. ஒற்றைப்படை எண் என்றால் இங்கே வருகிறது, இரட்டைப்படை என்றால் இங்கிருந்து போகிறது. போகும்போது சுமத்ரா எண்ணெய், மலாயா ரப்பர், ஈயம், பிந்தான் தீவிலிருந்து விமானம் செய்ய பாக்சைட். அந்த எண்ணெயை எடுக்கவென்று வந்த நிபுணர்களே பாதி வழியில் போனார்கள்: 1942 மே 8-இல் தையோ மாருவை அமெரிக்க நீர்மூழ்கி கிரெனேடியர் தாக்கியது. பழைய ஜெர்மன் கப்பல், 14,457 டன். எண்ணெய்த் தொழிலாளரும் பொறியாளருமாக எண்ணூற்றுச் சொச்சம் பேர் மாண்டார்கள். தைவானில் ஊஷாந்தோ அணையைக் கட்டிய யோயிச்சி ஹத்தா அதில் ஒருவர். தைவானியர் இன்றும் ஒவ்வொரு மே 8-ஆம் தேதியும் அணைக்கரையில் அவருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

ஹி-72 என்ற தொடரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1944 செப்டம்பர் 6-இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டது. அதில் ராகுயோ மாரு, கச்சிடோக்கி மாரு என்ற இரு கப்பல்களிலும் சேர்த்து 2,200-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளை அடைத்திருந்தார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதையில் வேலை முடிந்து சிங்கப்பூருக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டவர்கள். அடுத்து ஜப்பானில் வேலை. கச்சிடோக்கி மாரு அதற்குமுன் பிரெசிடென்ட் ஹாரிசன் என்ற அமெரிக்கக் கப்பல், போர் தொடங்கிய வேகத்தில் ஜப்பானியர் பிடித்தது. செப்டம்பர் 12-இல் சீலயன் என்ற நீர்மூழ்கி ராகுயோ மாருவையும், அன்றிரவே பாம்பனிட்டோ கச்சிடோக்கி மாருவையும் மூழ்கடித்தன. அமெரிக்காவில் கட்டிய கப்பல், அமெரிக்க டார்பீடோ, உள்ளே கூட்டாளி நாட்டுக் கைதிகள். சில நாள் கழித்து அந்த வழியே திரும்பிய பாம்பனிட்டோ, எண்ணெயில் குளித்து மிதவைகளைப் பற்றிக்கொண்டிருந்தவர்கள் ஆங்கிலத்தில் கத்துவதைக் கேட்டபிறகுதான் விஷயமே தெரிந்தது. நான்கு நீர்மூழ்கிகள் சேர்ந்து தூக்கியெடுத்தது 159 பேரை.

மரண ரயிலில் என்ன நடக்கிறது என்பது நேச நாட்டு அரசாங்கங்களுக்கு விவரமாகத் தெரிந்தது இந்தப் பிழைத்தவர்களின் வாய்மொழியால்தான். அந்தக் கப்பல்கள் பத்திரமாக மோஜி போய்ச் சேர்ந்திருந்தால் அந்தச் செய்தி போர் முடியும்வரை வெளியே வந்திருக்காது.

பிழைத்தவர்களில் 18 பேரை எடுத்தது குவீன்ஃபிஷ். கேப்டன் சார்லஸ் லாஃப்லின். அதே ஆள், அதே நீர்மூழ்கி, ஆறேழு மாதம் கழித்து 1945 ஏப்ரல் 1 இரவு தைவான் நீரிணை மூடுபனியில் அவா மாருவை மூழ்கடித்தார். அவா மாரு போர்க்கைதிகளுக்கு நிவாரணப் பொட்டலம் கொண்டுவர அமெரிக்காவிடம் பாதுகாப்பு வாக்கு வாங்கியிருந்த கப்பல். உடம்பில் வெள்ளைச் சிலுவை, இரவில் விளக்கு, பாதை முன்னமே அறிவிக்கப்பட்டது. மார்ச் 28-இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது அதில் ஈராயிரம் பேர், சரியாகச் சொன்னால் 2,004 பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும் இது ஒன்றுதான் அடிபடாமல் போகும் கப்பல் என்று; ஆகவே இடத்துக்கு அடிதடி. ஏற்கெனவே தங்கள் கப்பல் மூழ்கி இங்கே சிக்கிக்கொண்ட வணிக மாலுமிகளும் அதில் நிறைய. லாஃப்லினுக்கு ரேடாரில் வேகமாகப் போகும் ஒரு புள்ளிதான் தெரிந்தது. போர்க்கப்பல் என்று நினைத்தார். பிழைத்தவர் ஒரே ஒருவர், கப்பல் சிப்பந்தி. லாஃப்லின்மேல் ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்து கண்டனக் கடிதத்தோடு முடிந்தது.

கப்பலில் கோடி கோடியாய்த் தங்கம் இருந்தது என்று ஒரு கதை பல வருடம் சுற்றியது. சீனா 1977-இல் தொடங்கிப் பல வருடம் மூழ்கித் தேடியது. கிடைத்தது ரப்பரும் ஈயமும் மனித எலும்பும். எலும்புகளையும் உடைமைகளையும் ஜப்பானிடம் ஒப்படைத்தார்கள். நம் சிங்கப்பூரிலிருந்து ஏற்றிய சரக்கு என்னவென்று இங்குள்ள எந்தக் கங்காணியைக் கேட்டிருந்தாலும் ரப்பரும் ஈயமும் என்று அன்றே சொல்லியிருப்பார்.

ஜப்பானிய வணிக மாலுமிகள் மட்டும் 60,000-க்கும் மேல் செத்தார்கள். பத்துப் பேரில் நாலு பேருக்கும் அதிகம். விகிதத்தில் தரைப்படையையும் கடற்படையையும்விட மோசம். பதினாலு வயதுப் பையன்களும் உண்டு. கோபே நகரில் கடலோடிகள் சங்கம் ஒரு சிறு காட்சியகம் நடத்துகிறது; சுவர் முழுக்க மூழ்கிய கப்பல்களின் படங்கள். சித்தி மகளே, முழுகினது நல்லதுக்குத்தானே என்று கேட்டாயே, ஆமாம், முழுகாமல் போர் முடிந்திருக்காது. அந்தப் பதினாலு வயதுப் பையனைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நம்மவர்களும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். 1943 ஜனவரி 26, நியூ கினிக்கு வடக்கே வாஹூ என்ற நீர்மூழ்கி புயோ மாருவை அடித்தது. தண்ணீரில் தத்தளித்தவர்கள் ஜப்பானியத் துருப்புகள் என்று எண்ணிப் படகுகள்மேல் சுடவும் செய்தார்கள். அதில் 491 பேர் மலாயாவில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகள், 16-ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தினர். 195 பேர் மாண்டார்கள். 1944 செப்டம்பர் 18-இல் சுமத்ரா கரையோரம் பிரிட்டிஷ் நீர்மூழ்கி டிரேட்விண்ட் மூழ்கடித்த ஜுன்யோ மாருவில் டச்சுத் தரப்புக் கைதிகள் சுமார் 2,300 பேர், ரோமுஷா என்ற ஜாவாக் கூலித் தொழிலாளர் சுமார் 4,200 பேர். பக்கன்பாரு ரயில் போடக் கொண்டுபோனார்கள். ஐயாயிரத்துக்கும் மேல் சாவு. கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு, கல்லறைத் தூணில் பெயர் உண்டு. ரோமுஷாக்களுக்கு 'சுமார்' மட்டும்தான். கப்பலின் டன்னோ துல்லியமாக இருக்கிறது: 5,065.

அந்தச் 'சுமார்' தமிழர்களுக்குப் பழகிய சொல். கடலில் நீர்மூழ்கிகளும் விமானங்களும் இருக்கும்போது சிங்கப்பூரைச் சுற்றி மலாக்கா நீரிணை வழியே ரங்கூனுக்குப் படைகளையும் சரக்கையும் அனுப்புவது ஆபத்து, அதற்கு ஒதுக்கக் கப்பலும் போதாது என்றுதான் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் போட்டார்கள். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளங்கள் இணைந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அதற்கு ஏற்றிப்போனார்கள். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதற்கு நூலுக்கு நூல் எண் மாறுகிறது. சயாம் மரண ரயில் என்றதும் நம் நினைவுக்குக் காடும் காலராவும் வரும். எனக்கு இப்போது கடல்தான் முதலில் வருகிறது. கடல்வழி பத்திரமாக இருந்திருந்தால் அந்த ரயிலுக்கு இவ்வளவு அவசரம் இருந்திருக்காது.

மறுபடி அரிசிக்கு வருகிறேன். ஜானாக் பட்டியலில் சிங்கப்பூருக்கு வந்த அரிசியைத் தேடினால் கிடைக்காது. காரணம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: 500 டன்னுக்குக் கீழே உள்ளவற்றை அவர்கள் எண்ணவில்லை. பெரிய கப்பல்கள் எண்ணெய்க்கும் துருப்புக்கும் போனபின் அரிசி, உப்பு, கருவாடு எல்லாம் சின்னக் கரையோரக் கப்பலிலும் மரக்கலத்திலும் தொங்கானிலும்தான் வந்தன. அந்தச் சின்னக் கலங்களை அழித்தது பெரும்பாலும் பிரிட்டிஷ், டச்சு நீர்மூழ்கிகள். திருகோணமலையிலிருந்து கிளம்பி வந்து மலாக்கா நீரிணையில் நடமாடும். டார்பீடோவுக்கு லாயக்கில்லாத சின்ன இரை என்பதால் மேலே எழும்பி வந்து பீரங்கியால் சுடுவார்கள். மாலுமிகளில் மலாய்க்காரர், சீனர், கரையோர இந்தியர் எல்லோரும் உண்டு. வானிலிருந்து வேறு: இந்தியாவிலிருந்து பறந்து வந்த விமானங்கள் ரங்கூன் ஆற்றிலும் பாங்காக் ஆற்றுவாயிலும், பிறகு பினாங்கிலும், 1945 ஜனவரியில் கரக்பூர்ப் பக்கமிருந்து வந்த பி-29 விமானங்கள் சிங்கப்பூர்க் கடலிலுமாகக் கண்ணிகளைப் போட்டன. அரிசி விளைந்த ஆற்றின் வாயே அடைபட்டது.

வாஷிங்டனில் இருந்த குழுவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜப்பானின் போர்த்திறனை அளப்பது அவர்கள் வேலை, தஞ்சோங் பகார் அடுப்பை அளப்பது அல்ல. ஆனால் அடுப்பின் கணக்கை எழுதப் போகிறவர்கள் அந்தப் பட்டியலை மட்டும் வைத்து எழுதக் கூடாது என்று இதைப் படிக்கும் மாணவர்கள் யாராவது இருந்தால் சொல்லிவைக்கிறேன். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் பதினோராம் மாடியில் தொடங்குங்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் வந்த 'சியோனான் ஷிம்புன்' பத்திரிகை மின்வடிவில் இருக்கிறது. ஜப்பானியக் கப்பல் மூழ்கிய செய்தியை அதில் அவ்வளவாக எதிர்பார்க்க முடியாது, ஆனால் பங்கீட்டு அறிவிப்பு எந்த வாரம் மாறுகிறது, 'அதிகம் பயிரிடுவோம்' என்ற உபதேசம் எந்த வாரம் சூடு பிடிக்கிறது என்பதைப் பார்த்தாலே கடலில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழில் பேசியவர்களும் உண்டு. ஜப்பானியத் தரப்புக்கு, அவர்கள் அரசாங்கம் 2001-இல் திறந்த ஆசிய வரலாற்றுப் பதிவு மையத்தின் இணையக் காப்பகம். எழுத்துப் புரியாவிட்டாலும் கப்பல் பெயர், எண், தேதி மூன்றையும் அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிடலாம்.

என் பட்டியலில் இப்போது ஒரு தனித் தாள் தொடங்கியிருக்கிறேன். 500 டன்னுக்குக் கீழே, 1943 முதல் 1945 வரை, சிங்கப்பூர் அல்லது பினாங்கு நோக்கி வந்தவை. பெயர் என்ற கட்டத்தில் பெரும்பாலும் வெறும் 'மரக்கலம்' என்றே இருக்கிறது. நீர்மூழ்கியின் நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். சில இடத்தில் 'அரிசி ஏற்றியது' என்று ஒரு சொல் கூடுதலாகக் கிடைக்கும்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் தொங்கானில் வேலை செய்த தாத்தாவைப் பற்றியோ, போட் கீயில் அரிசி இறக்கியவரைப் பற்றியோ, பர்மாவிலிருந்து கடைசியாக வந்த கப்பலைப் பற்றியோ யாராவது பேசியிருந்தால் எனக்கு எழுதுங்கள். கப்பல் பெயர் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. எந்தத் துறை, என்ன சரக்கு, மழைக்காலமா வெயிற்காலமா என்று தெரிந்தால் போதும், மீதியை நான் தேடிப் பார்க்கிறேன்.